மலைக்கு மேலே இறக்கையில் ஐஸ்: செஸ்னா 172இல் கேஸ்கேட் மலையைத் தாண்டலாமா?

#1 புதுச்சிறகு

வணக்கம். சியாட்டிலில் இருக்கிறேன். பைலட் உரிமம் முன்பே உண்டு, இந்தக் கோடையில்தான் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியும் வாங்கினேன். டிசம்பர் விடுமுறைக்கு ரென்டனிலிருந்து பாஸ்கோ போகலாம் என்று எண்ணம். பக்கத்தில் ரிச்லாந்தில் அக்கா வீடு. காரில் போனால் மூன்றரை மணி நேரம். ஸ்னோக்வால்மி கணவாயில் பனி கொட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டச் சொன்னால் இன்னும் இழுக்கும். கிளப்பில் வாடகைக்குக் கிடைக்கிற செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

இடையில் நிற்பது கேஸ்கேட் மலை. இந்தப் பக்கத்துக் குளிர்காலம் தெரியும்: மேகத்தின் அடி 3,000 அடி, உச்சி 10,000 அல்லது 11,000, உறைநிலை (அதாவது வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கும் உயரம்) 4,000 என்று நாள்கணக்கில் வானிலை அறிக்கை மாறாமல் வரும். கூடப் படித்த நண்பன் ஒருவன், "மேகத்துக்குள் இருக்கப் போவது அரை மணி நேரம். கொஞ்சம் ஐஸ் பிடித்தால் என்ன, எலென்ஸ்பர்க் தாண்டினால் வெயில், எல்லாம் உருகிக் கொட்டிவிடும்" என்கிறான். போன குளிர்காலத்தில் போய் வந்தவன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெறுமனே பயமுறுத்தாமல் காரணத்தோடு சொன்னால் நல்லது.

#2 கழுகுமலையான்

டென்வரில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன், தம்பி. காரணம் கேட்டதால் காரணமே சொல்கிறேன்.

ஐஸ் பிடித்தால் தப்பிக்க மூன்று வழி. கீழே இறங்கி சூடான காற்றுக்குப் போகலாம். மேலே ஏறி மேகத்தை விட்டு வெளியே வரலாம். வந்த வழியே திரும்பலாம். கான்சஸ் மாநிலத்தில் 6,000 அடியில் ஐஸ் பிடித்தால் 3,000க்கு இறங்கிவிடுவேன், கீழே கோதுமை வயல். உன் பாதையில் அந்த முதல் வழி அடைத்துக் கிடக்கிறது. மலைப்பகுதியில் கருவிப் பறப்பென்றால் பாதையிலிருந்து 4 கடல் மைலுக்குள் உள்ள உயர்ந்த முகட்டுக்கும் 2,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது விதி. கேஸ்கேடில் அது 8,000 அடிக்கு மேல்தான் வரும். நீ சொல்லும் உறைநிலை 4,000. ஆக, சட்டப்படி நீ இறங்கக்கூடிய கடைசிப் படியே உறைநிலைக்கு 4,000 அடி மேலே இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் சூடான காற்று கிடைக்கும்தான், கூடவே பாறையும் கிடைக்கும்.

இரண்டாவது வழி, ஏறுவது. 172இன் உச்சவரம்பு 14,000 அடி என்று கையேட்டில் போட்டிருக்கும். அது சுத்தமான இறக்கைக்கு எழுதிய கணக்கு. 10,000 அடியில் நிமிடத்துக்கு 300 அடி ஏறினாலே அதிகம். இறக்கையில் ஐஸ் உட்கார்ந்ததும் முதலில் காணாமல் போவது அந்த 300 அடிதான்.

மிச்சம் இருப்பது திரும்புவது. அதுவும் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும். மலையின் நடுவுக்குப் போய்விட்டால் முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே தூரம்.

நண்பன் போய் வந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் முப்பது நிமிடம் பறந்தும் கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கோடு மட்டும் விழும். இன்னொரு நாள் ஐந்து நிமிடத்தில் இறக்கைத் தாங்கியில் விரல் தடிமனுக்கு ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் மேகம். போகட்டும், ஐஸ் இருப்பதாகத் தெரிந்த இடத்துக்குள் நுழைய 172க்கு அனுமதியே கிடையாது. அவன் செய்தது விதிமீறல், அதையும் சொல்லி வை.

#3 தூவானம்

நான் விமானம் ஓட்டுகிற ஆள் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். மைனஸ் 10 டிகிரியில் மேகத்துக்குள் இருப்பதெல்லாம் ஏற்கெனவே பனிக்கட்டியாகத்தானே இருக்கும்? அது மோதித் தெறித்துப் போகாமல் ஏன் ஒட்டிக்கொள்கிறது? அப்புறம், ஊட்டியில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படியுமே, அங்கே சின்ன விமானம் பறந்தால் இதே கதைதானா?

#4 வானிலை வாத்தியார்

ஏற்கெனவே ஐஸாகிவிட்ட துகளால் பெரிய தொல்லை இல்லை, பெரும்பாலும் மோதித் தெறித்துவிடும். தொல்லை தண்ணீரால்தான். மேகத்தில் மிதக்கும் நுண்துளி 0 டிகிரி ஆனதுமே உறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உறைவதற்கு அதற்கு ஒரு கரு வேண்டும். தகுந்த தூசுத் துகள் ஏதாவது. அது கிடைக்காதவரை மைனஸ் 5, மைனஸ் 10, மைனஸ் 15 என்று தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும். மிகச் சிறிய, மிகச் சுத்தமான துளி மைனஸ் 40க்குப் பக்கம் வரைகூடத் தாங்கும். விமானத்தின் முன்விளிம்பு வந்து இடித்த கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

எப்படி ஒட்டுகிறது என்பது துளியின் அளவையும் குளிரையும் பொறுத்தது. சின்னத் துளியும் கடும் குளிரும் என்றால் பட்ட இடத்திலேயே உறைந்து, இடையில் காற்று சிக்கி, வெள்ளையாகச் சொரசொரப்பாகப் படியும். இதை ரைம் என்பார்கள். 0 டிகிரிக்குப் பக்கத்தில் பெரிய துளி என்றால், பட்ட இடத்தில் பாதி உறைந்து மீதி பின்னோக்கி வழிந்து உறையும். கண்ணாடி மாதிரி இருப்பதால் சட்டென்று கண்ணுக்கும் தெரியாது, கனமும் அதிகம், ஒட்டினால் லேசில் விடாது. கிளியர் ஐஸ் என்று சொல்வது இதைத்தான். நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும்.

இனி மலை. சமவெளியில் பரந்து கிடக்கும் அடுக்கு மேகத்தில், துளிகள் சேர்ந்து விழுந்தும் பனித்துகளாக மாறியும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மலைச்சரிவில் அப்படி இல்லை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேஸ்கேடின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறியாக வேண்டும்; ஏற ஏறக் குளிர்ந்து புதுத் துளிகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காற்று வீசும்வரை மலை, கிணற்று ஏற்றம் போலத் தண்ணீரை மேலே இறைத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் முகடுகளுக்குச் சற்று மேலே, காற்று வரும் பக்கத்தில் ஐஸ் மோசமாக இருக்கும். புதுச்சிறகு பறக்க நினைக்கும் உயரம் சரியாக அதுதான்.

பைலட்டுகள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அடுக்கு மேகத்தில் தண்ணீர் சமமாகப் பரவி இருக்காது. அடியில் குறைவு, மேலே போகப் போக அதிகம். துளியும் மேலே போகப் போகப் பெரிதாகும். உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் இரண்டும் உச்சத்தில் இருக்கும். மேலே வெளிச்சம் தெரிகிறது, இதோ வெளியே வந்துவிடுவோம் என்று தோன்றுகிற இடம்தான் அந்த மேகத்திலேயே ஈரம் மிகுந்த இடம்.

ஊட்டி விஷயம் வேறு, தூவானம். அங்கே இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்வதால் புல்மேல் உறைபனி படிகிறது. சில அடி மேலே போனால் காற்று அந்த அளவுக்குக் குளிராக இருக்காது. தமிழ்நாட்டின் மேலே உறைநிலை ஏறக்குறைய 16,000 அடியில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் போக வேண்டும்.

#5 ஒற்றை எஞ்சின்

கலிபோர்னியாவில் சிரஸ் எஸ்ஆர்22 வைத்திருக்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எல்லாரும் 172ஐ மனதில் வைத்தே பேசுகிறீர்கள். என் விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பில் நுண்துளைகள் வழியாகக் கிளைகால் திரவம் கசியும் டிகேஎஸ் அமைப்பு இருக்கிறது, டர்போ இருக்கிறது, ஆபத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டும் இருக்கிறது. 2009 முதல் சிரஸில் ஐஸுக்குள் பறக்கவே சான்று பெற்ற வகையும் வந்துவிட்டது. சியரா நெவாடாவைக் குளிர்காலத்தில் தாண்டுகிறேன். கருவி சரியாக இருந்தால் இது சமாளிக்கக்கூடிய ஆபத்துதான். "ஐஸ் என்றால் வீட்டில் உட்கார்" என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

#6 கழுகுமலையான்

சிரஸ், டிகேஎஸ், பாராசூட், சியரா நெவாடா. நீங்கள் சொன்ன அத்தனையும் ஒன்றாக இருந்த ஒரு விபத்து உண்டு, சார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை மாணவர்களுக்கு முழுசாகப் படித்துக் காட்டுவேன்.

2005 பிப்ரவரி. ஒரு எஸ்ஆர்22, மாலையில் ரீனோவிலிருந்து ஓக்லாண்டுக்குக் கிளம்புகிறது. பைலட் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வானிலை கேட்டுவிட்டுத்தான் போனார், அலட்சியமான ஆள் இல்லை. விமானத்தில் ஐஸ் தடுப்புத் திரவ அமைப்பு இருந்தது, ஆனால் ஐஸுக்குள் பறக்கச் சான்று பெற்றது இல்லை. உயரம் கேட்டு ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார், மேகம் முடியவில்லை. 16,000 அடிக்கு வந்தபின் கட்டுப்பாட்டாளரிடம், இன்னும் 200, 300 அடி ஏறினால் மேகத்துக்கு மேலே வந்துவிடலாம் என்கிறார். மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்கிறார். முதலில் கீழே என்கிறார், அப்புறம் மேலே போக முடியும் என்கிறார். 17,000க்கு அனுமதி கிடைக்கிறது. அதற்கப்புறம் வந்த செய்தி: ஐஸ் பிடிக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

விமானம் சியரா மலையில் விழுந்தது, பைலட் இறந்தார். பாராசூட் விரிந்திருந்தது. ஆனால் அதற்குச் சோதித்துக் காட்டிய வேகம் 133 நாட், அதாவது மணிக்கு 133 கடல் மைல். அந்த வரம்பைத் தாண்டி விமானம் பாய்ந்துகொண்டிருந்தபோது விரிந்ததால் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னும் 200, 300 அடி." இதை வாத்தியார் மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். தண்ணீர் அதிகமாக இருக்கும் இடம் அதுதான். எஞ்சினில் மிச்சம் குறைவாக இருக்கும் உயரமும் அதுதான். ஏறுவதற்காக மூக்கைத் தூக்குகிறோம், அப்போது இறக்கையின் அடிப்பரப்பு காற்றைப் பார்த்துத் திரும்புகிறது. தடுப்பு இல்லாத அந்த இடத்திலும் ஐஸ் படிகிறது, வேகம் இன்னும் குறைகிறது, மூக்கை இன்னும் தூக்குகிறோம். இதிலிருந்து வெளியே வர வேகம் வேண்டும், வேகத்துக்கு உயரத்தைக் கொடுக்க வேண்டும். கீழே மலை இருந்தால் கொடுக்க உயரம் ஏது?

கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐஸுக்குள் பறக்கச் சான்று பெற்ற விமானம், கூடவே அனுபவசாலி, கீழே 5,000 அடி வெதுவெதுப்பான காற்று. அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும். கேஸ்கேடின் மேல் வாடகை 172இல் வேண்டாம்.

#7 மீனம்பாக்கம்

சின்ன விமானம் மட்டும் இல்லை. 1987 அக்டோபர் 15 அன்று மிலானிலிருந்து கொலோன் நகருக்குக் கிளம்பிய ஏடிஆர் 42, ஆல்ப்ஸ் மலைக்கு மேலே ஏறும்போது ஐஸ் பிடித்துக் கட்டுப்பாடு இழந்து, கோமோ ஏரிக்குப் பக்கத்தில் மலையில் விழுந்தது. 37 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானம், இரண்டு டர்போ எஞ்சின், முன்விளிம்பில் ஊதி ஐஸை உடைக்கும் ரப்பர் பூட், இரண்டு பைலட். அதற்கும் ஏறும்போதுதான் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அசாமின் சாபுவா, திஞ்சான் ஓடுதளங்களிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோனார்கள். பைலட்டுகள் அந்த மலைத்தொடருக்கு "ஹம்ப்" என்று பெயர் வைத்தார்கள். 500க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. காற்று, மேகம், வழி தவறுதல், ஐஸ் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. குண்டுவீச்சு விமானத்தைச் சரக்கு ஏற்ற மாற்றிய சி-87 ஐஸைக் கொஞ்சமும் தாங்காது என்று அப்போதே பெயர் எடுத்திருந்தது.

நேபாளத்தில் ட்வின் ஓட்டர் விபத்துகள் பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். போக்ரா, ஜோம்சோம் பக்கம் நடந்தவை பெரும்பாலும் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியவை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

#8 ஒற்றை எஞ்சின்

ரீனோ விபத்து எனக்கும் தெரியும். சான்று பெறாத அமைப்பு என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் என் விமானத்தோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் 200 அடி பற்றிச் சொன்னது உறைக்கத்தான் செய்கிறது. அந்த நப்பாசை வராத பைலட் இல்லை.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மற்ற பைலட்டுகள் தரும் பைரெப் செய்திகளைப் பார்த்தால் ஐஸ் எங்கே இருக்கிறது, எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். "லேசான ஐஸ்" என்று இரண்டு மூன்று பேர் சொன்ன உயரத்தில் நான் தயங்காமல் போவேன்.

#9 வானிலை வாத்தியார்

சொன்னது யார் என்று பாருங்கள். ஒரு ஜெட் நிமிடத்துக்கு 3,000 அடி ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் மேகத்தைத் தாண்டிவிடும். அதன் இறக்கை எஞ்சினிலிருந்து வரும் காற்றால் சூடாக இருக்கும். அந்தப் பைலட்டுக்கு அது "லேசு". அதே மேகத்தில் நீங்கள் முப்பது நிமிடம் நேராகப் பறக்கப் போகிறீர்கள். செய்தியில் விமான வகை எழுதியிருப்பது சும்மா இல்லை. அதோடு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஐஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று அந்தப் பக்கம் சின்ன விமானம் எதுவும் போகாமலே இருந்திருக்கலாம், போகாததற்குக் காரணமும் இருந்திருக்கலாம்.

சான்று விஷயத்திலும் ஒரு வரம்பு உண்டு. சின்ன விமானங்களின் ஐஸ் சான்று பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த மேக அளவுகளை வைத்துத் தரப்படுவது. அதில் துளியின் அளவு ஏறக்குறைய 50 மைக்ரான் வரைதான். தூறல் அளவுத் துளி அதைவிடப் பல மடங்கு பெரியது. 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானா மாநிலம் ரோஸ்லான் அருகே 68 பேருடன் விழுந்த ஏடிஆர் 72, சான்று பெற்ற விமானம்தான். பெரிய துளிகள் ரப்பர் பூட்டைத் தாண்டிப் பின்னால் வழிந்து வரப்புபோல் உறைந்தன. பூட் தன் வேலையைச் செய்தது, ஆனால் ஐஸ் அதற்குப் பின்னால் இருந்தது. அது சமவெளி, மலைச்சரிவிலும் இத்தகைய பெரிய துளிகள் உருவாகும்.

#10 கழுகுமலையான்

கேஸ்கேட் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2007 அக்டோபர் 7. ஐடஹோவில் நடந்த ஒரு நிகழ்ச்சி முடிந்து ஸ்கைடைவிங் செய்யும் 9 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு செஸ்னா கேரவன் வாஷிங்டன் மாநிலத்து ஷெல்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒயிட் பாஸ் அருகே மலையில் விழுந்தது, பைலட்டோடு 10 பேரும் போய்விட்டார்கள். வாரியம் சொன்ன காரணம்: வேகம் குறைந்து ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தது. அதற்குத் துணை போனவை: ஐஸ் தெரிந்த பகுதிக்குள் நுழைய முயன்றது, உயரத்தில் ஆக்சிஜன் குறைந்து பைலட்டின் தெளிவு மங்கியது.

கடைசியில் சொன்னதை விட்டுவிடாதே. மேகத்துக்கு மேலே போய்விடலாம் என்று 13,000, 14,000 அடிக்கு ஏறினால் ஐஸிலிருந்து தப்பலாம், மூளைக்குக் காற்று பத்தாது. 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் பறந்தால் பைலட்டுக்கு ஆக்சிஜன் கட்டாயம், 14,000க்கு மேல் எப்போதுமே கட்டாயம். வாடகை 172இல் சிலிண்டர் வைத்திருக்கிறார்களா, கேட்டுப் பார்.

கேரவனுக்கே அந்த ஆண்டுகளில் அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ வரிசையாகக் கட்டுப்பாடு போட்டது. ஐஸில் 120 நாட்டுக்குக் கீழே வேகம் குறையக் கூடாது என்பது அதில் ஒன்று. உன் 172 மட்டமாகப் பறக்கும் வேகமே கிட்டத்தட்ட அதுதான்.

#11 புதுச்சிறகு

எல்லாருக்கும் நன்றி. மேகத்துக்குள் போகும் திட்டத்தைக் கைவிட்டாயிற்று, நண்பனுக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். மேகம் இல்லை என்று நம்பிக் கிளம்பி, எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால்? ஐஸ் பிடித்த 172 கையில் எப்படி இருக்கும்? பயிற்சியில் படம்தான் காட்டினார்கள்.

#12 கழுகுமலையான்

முதலில் மெல்லிய இடங்களில்தான் தெரியும். வெளிக்காற்று வெப்பமானியின் நுனி, இறக்கைத் தாங்கி, சக்கரத்தின் விளிம்பு. கண்ணாடி மங்கத் தொடங்கும். ஆண்டெனா ஐஸ் ஏறி அதிரும், சில சமயம் ஒடிந்தும் போகும். புரொபெல்லரில் ஒரு அலகிலிருந்து ஐஸ் கழன்று மற்றதில் ஒட்டியிருந்தால் எஞ்சினே பிய்ந்துவிடும் போலக் குலுக்கும்.

ஆனால் உண்மையான அடையாளம் வேகமானியில். எஞ்சின் அதே சக்தி, உயரம் அதே, வேகம் மட்டும் 110, 105, 100 என்று நழுவும். ஆட்டோபைலட் போட்டிருந்தால் இது தெரியாது. உயரத்தைக் காப்பாற்ற அது சத்தமில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், முடியாத கட்டத்தில் கைகழுவி உன் கையில் கொடுக்கும். அதனால் ஐஸைப் பார்த்ததும் ஆட்டோபைலட்டை விடுவித்துக் கையால் ஓட்டு.

வேகமானிக்கு எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் பிட்டோ குழாயின் சூடாக்கியை மேகத்துக்குள் போகும் முன்பே போட்டிருக்க வேண்டும். பிட்டோ குழாயும் அதன் வடிகால் துளையும் அடைத்துக்கொண்டால் வேகமானி உயரமானி போல வேலை செய்யும்: ஏறினால் வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் நேராக ஸ்டால். ஸ்டால் எச்சரிக்கையையும் நம்பாதே. சொரசொரப்பான உப்புத்தாள் கனத்துக்கு ஐஸ் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் குறையலாம், இழுவை 40 சதவீதம் கூடலாம். எச்சரிக்கைக் கருவியோ சுத்தமான இறக்கைக்கு அமைத்தது. அது கத்துவதற்கு முன்னாலேயே இறக்கை கைவிட்டுவிடும்.

உடனே திரும்பு, திரும்பும்போது லேசாகச் சாய். கட்டுப்பாட்டாளரிடம் வார்த்தையை மென்று விழுங்காமல் "எமர்ஜென்சி" என்று சொல். இறங்கும்போது ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடக்கும் பலகையை, தொடாதே. வால் இறக்கை மெல்லியது, முக்கிய இறக்கையைவிடச் சீக்கிரம் ஐஸ் சேரும், ஃபிளாப் இறக்கும்போது அது ஸ்டால் ஆகி மூக்கு கவிழலாம். வழக்கமானதைவிட அதிக வேகம், எஞ்சினைத் தரை தொடும்வரை குறைக்காதே, நீண்ட ஓடுதளமாகப் பார்.

#13 ஒற்றை எஞ்சின்

வால் ஸ்டால் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்கான மீட்பு முறை வழக்கமான ஸ்டாலுக்கு நேர் எதிர்: கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நாசாவின் பயிற்சிப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லா ஸ்டாலுக்கும் இழுக்கக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. ஐஸ் பிடித்த இறக்கை ஸ்டால் ஆகும்போது இழுத்தால் கதை முடிந்தது. ஃபிளாப் இறக்கியவுடன் நடந்தால் மட்டும் வாலைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, ரப்பர் பூட் உள்ள விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கு. ஐஸ் கால் அங்குலம், அரை அங்குலம் சேரும்வரை காத்திருந்து அப்புறம்தான் பூட்டை ஊத வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்; சீக்கிரம் ஊதினால் ஐஸ் பாலம் கட்டிக்கொள்ளும் என்று காரணம் சொல்வார்கள். இன்றைய பூட்டுகளுக்கு அது பொருந்தாது. ஐஸ் தெரிந்ததும் போட்டுவிட வேண்டும் என்று பாதுகாப்பு வாரியமே சொல்லிவிட்டது.

#14 புதுச்சிறகு

சரி, மலையைத் தாண்டாமல் சுற்றிப் போனால்? தெற்கே போர்ட்லாண்டுக்குப் போய், கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே திரும்பினால் நதியை ஒட்டியே பாஸ்கோவுக்கு வந்துவிடலாம். நதி கடல் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. 2,000 அடியில், மேகத்துக்குக் கீழே, உறைநிலைக்கும் கீழே.

#15 வானிலை வாத்தியார்

மற்ற மாதங்களில் நல்ல யோசனை. டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்குதான் உறைமழைக்குப் பேர்போன இடம். கிழக்கே கொலம்பியா படுகையில் குளிர்காற்று தேங்கி நிற்கும். அதற்கு மலையில் இருக்கும் ஒரே வாசல் இந்தப் பள்ளத்தாக்கு. அதன் வழியே மேற்கே பிதுங்கி வரும். அதன் தலைக்கு மேல் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏறும். மேலே மழையாகப் பெய்வது, கீழே குளிர்காற்றுக்குள் விழுந்து, உறையாத பெரிய துளியாகவே உங்கள் இறக்கைக்கு வந்து சேரும். மேகத்துக்கு வெளியே, தெளிவாகப் பார்த்துப் பறக்கும்போதே ஐஸ் பிடிக்கும். இந்தச் சூழலில் உறைநிலை என்று அறிக்கையில் ஒரே ஒரு எண் போட்டிருந்தால் அது ஏமாற்றும். சூடு மேலே, குளிர் கீழே என்று தலைகீழாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்குச் சுவர் வேறு, திரும்ப இடம் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

ட்ரவுட்டேல், தி டாலஸ் இரண்டு விமான நிலையங்களின் அறிக்கையையும் பாருங்கள். ட்ரவுட்டேலில் கிழக்குக் காற்று பலமாக, வெப்பம் 0 டிகிரிக்குப் பக்கத்தில், மேற்கிலிருந்து மழை வருகிறது என்றால் அன்றைக்கு அந்த வழி வேண்டாம்.

#16 கழுகுமலையான்

மழை வந்து போனபின் உயரழுத்தம் உட்கார்ந்து, கேஸ்கேட் பளிச்சென்று தெரியும் நாட்கள் டிசம்பரிலும் வரும். அன்று பகலில், காற்று முகட்டு உயரத்தில் 20 நாட்டுக்குள் இருந்தால், கண்ணால் பார்த்துப் பறந்து போ. கணவாயை நேராகக் குறிவைக்காமல் முகட்டை 45 டிகிரி கோணத்தில் அணுகு, இறங்குகாற்று இழுத்தால் சட்டென்று திரும்ப வசதி. காலையில் இறக்கையில் வெள்ளையாக உறைபனி இருந்தால் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தூவானம் கேட்ட ஊட்டி உறைபனி இங்கே உதவிக்கு வருகிறது, பாருங்கள்.

#17 வானிலை வாத்தியார்

அதே நாட்களில் பாஸ்கோவைத் தனியாகப் பார்க்க வேண்டும். உயரழுத்தம் நீடித்தால் மலைக்கு மேலே வெயில் அடிக்கும், கொலம்பியா படுகை மட்டும் மூடுபனியும் தாழ்மேகமுமாக நாள்கணக்கில் கிடக்கும். மூடி போட்ட மாதிரி மேலே சூடான காற்று, உள்ளே 0 டிகிரிக்குக் கீழே. அந்த மேகத்துக்குள் இறங்கும் சில நிமிடங்களிலேயே ஐஸ் பிடிக்கும். யாக்கிமாவும் பெரும்பாலும் சேர்ந்தே மூடிக்கொள்ளும், அதனால் அதை மாற்று நிலையமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கே திரும்பி வரும் அளவுக்கு எரிபொருள் இருக்கட்டும்.

#18 புதுச்சிறகு

அக்காவிடம் "காரில் வருகிறேன், வானம் தெளிந்தால் விமானத்தில்" என்று சொல்லியிருக்கிறேன். விமானத்தை முன்பதிவு செய்து வைத்திருக்கிறேன்; வானிலைக்காக ரத்து செய்தால் கிளப்பில் கட்டணம் இல்லையாம். முந்தின நாள் இரவு பாஸ்கோ, ட்ரவுட்டேல் அறிக்கைகளை இங்கே போடுகிறேன், வாத்தியாரும் கழுகுமலையான் அண்ணனும் ஒரு பார்வை பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டேன், கிளப்பில் இல்லை.